மூலத்தில் இல்லாத மூன்று பகுதிகள்

1

இந்நகர மன்றத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு படிவம் வருகிறது. இவ்வீட்டில் வசிப்போர் எனத் தங்கள் ஏட்டில் உள்ள பெயர்களை அச்சிட்டு, மாற்றம் இருப்பின் அடித்தோ எழுதியோ திருப்பியனுப்பக் கேட்பார்கள். கீழக்கரையிலிருந்து வட இங்கிலாந்தின் இந்தத் துறைமுக நகருக்கு நாங்கள் மூவரும் வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. நெடுங்காலம் மூன்று பெயர்களும் மாற்றமின்றி வந்துகொண்டிருந்தன. ஈராண்டுகளுக்கு முன் என் மனைவி மைமூனாவின் பெயரை அடித்தேன். இவ்வாண்டுப் படிவம் வந்தபோது, என் மகள் நஸ்ரின் ஜப்பானுக்குப் புறப்பட ஒன்பது நாள்கள் இருந்தன.

ஈராண்டுகளுக்கு முன் மைமூனாவின் பெயரை அடித்தது மட்டும் போதவில்லை. தொலைபேசியில் ஒரு பெண் அழைத்து அடித்ததற்குக் காரணம் கேட்டார். இராமநாதபுரத்துக் கல்லூரியில் நாங்கள் கற்ற ஆங்கிலத்தில், என் மனைவி ‘எக்ஸ்பயர்’ ஆகிவிட்டார் என்றேன். எது காலாவதியாயிற்று, கடவுச்சீட்டா, குடியிருப்பு அட்டையா என்று அவர் மிகுந்த கனிவோடு கேட்டார். நம்மூர் ஆங்கிலத்தில் மனிதரும் காலாவதி ஆவதுண்டு என்பதை அவருக்கு எப்படி விளக்குவதென்று தெரியாமல் நின்றேன். நஸ்ரின் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, ஒரே சொல்லில் அதை முடித்துவைத்தாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் தன் தாயைப் பற்றி என்னிடம் ஏதும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. சோறு, மின்கட்டணம், சாவி, குடை ஆகியவற்றைப் பற்றி ஈராண்டுகள் பேசினோம். ஜப்பானில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க அவளுக்கு வேலை கிடைத்தபோது எனக்குத் தோன்றியது இது ஒன்றே: அவள் போவதற்குள் மைமூனாவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும். தொலைவு வந்துவிட்டால் இந்த மௌனம் இறுகிப்போகும். பிறகு அதை உடைக்க எங்களில் எவருக்கும் துணிவிராது.

2

நான் கீழக்கரையில் பதினொரு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். மைமூனா மருந்தாளுநர். இங்குள்ள மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்ததால் வந்தோம். எனக்கு நகர நூலகத்தில், திரும்பிவரும் நூல்களை அவற்றின் இடத்தில் அடுக்கும் பணி. பதினாறு ஆண்டுகளில் நான் மிகுதியாக அடுக்கியவை மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை நூல்கள். அவற்றை இளையோர் கட்டுக்கட்டாக எடுத்துச்சென்று, இரண்டே நாளில் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

ஊரில் இருப்போருக்காக ஒரு விளக்கம். மங்கா என்பது தாளில் கறுப்பு வெள்ளையில் வரைந்த, வலமிருந்து இடமாகப் படிக்கும் தொடர்கதை. அது புகழ்பெற்றால் அதையே அசையும் படமாக, வண்ணமும் குரலும் இசையும் சேர்த்து, பல பகுதிகளாக எடுப்பார்கள். அதற்குப் பெயர் அனிமே. விரும்புவோர் ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் தொடர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் அமர்ந்து பார்த்துத் தீர்ப்பதுண்டு. உணவும் அங்கேயே.

நஸ்ரினின் மனத்துக்கு நெருக்கமான தொடர் ஒன்று உண்டு. ஒரு பேராற்றில் ஓடும் படகு. அதில் ஒரு கிழப் படகோட்டி, ஒரு சமையற்காரன், போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட தன் அண்ணனைத் தேடும் ஒரு பெண். அனிமேயில் எழுபத்து நான்கு பகுதிகள், மங்காவில் பத்தொன்பது தொகுதிகள். சென்ற குளிர்காலத்தில், தேநீர் இடைவேளைகளில் நூலகத்தின் பின்னறையில் அமர்ந்து பத்தொன்பதையும் படித்து முடித்தேன். அவளிடம் பேச எனக்கொரு பொருள் வேண்டியிருந்தது.

முதல் தொகுதியை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் படித்துக்கொண்டிருந்ததை அவள் சமையலறை வாயிலில் நின்று கவனித்திருக்கிறாள்.

“வாப்பா, அத எந்தப் பக்கத்திலேர்ந்து படிக்கிறீக?”

“வலப்பக்கத்திலேர்ந்து.”

“யாரு சொல்லிக் குடுத்தா? என் ஃபிரண்டுக எல்லாரும் மொதல்ல கடைசிப் பக்கத்தத் தொறந்து கதைய கெடுத்துக்கிட்டவங்கதான்.”

எவரும் சொல்லித்தரவில்லை. என் தாயார் ஓதிய அரபுத் தமிழ்ப் பாடல் நூல்களில் எழுத்து அரபு, மொழி தமிழ். அவற்றை வலமிருந்து திறந்து வளர்ந்த கை அது. பிழையான பக்கத்தைத் திறக்க அதற்குத் தெரியாது. இதைச் சொன்னபோது நஸ்ரின் சிரித்தாள். நீண்ட நாள்களுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. அதை நம்பித்தான் மேற்கொண்டு துணிந்தேன்.

3

பிறகு அனிமேயையும் மாடியறைக் கணினியில், கதை நகராத இடங்களைத் தள்ளிவிட்டு, பார்த்தேன். இரண்டையும் ஒப்பிட்டு எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். தமிழ் படித்தவனுக்கு மூலமும் உரையும் என்றே இவற்றைப் பார்க்க வரும்.

மங்காவில் காலம் படிப்பவன் கையில் இருக்கிறது. பதினேழாம் தொகுதியில் அந்தப் பெண் ஒரு படைவீட்டின் திரையை விலக்குகிறாள். பக்கம் அங்கே முடிகிறது. திருப்பினால்தான் அண்ணனின் முகம். அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு மிடறு தேநீர் அருந்தும் நேரம் நான் திருப்பாமல் இருந்தேன். அனிமேயில் தாள் இல்லை. திரை விலகுமுன்பே வயலின் அழத் தொடங்கி, வரப்போவதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

எதிர்மாறும் உண்டு. கிழப் படகோட்டி மங்காவில் பேசும்போது அவனுக்கு நான் என் போக்கில் ஒரு கனத்த குரலை அமைத்துக்கொண்டிருந்தேன். அனிமேயில் அவன் குரல் மெலிந்தது, சற்றே கரகரப்பானது, வாக்கியத்தின் முடிவில் தேய்ந்து மறைவது. அதைக் கேட்டபின் என் குரல் எனக்கே நாணமூட்டியது. இப்போது நூலைத் திறந்தாலும் அந்த மெலிந்த குரலே கேட்கிறது. அந்தப் பெண்ணின் கழுத்துத் துணியை நீலம் என்று பத்தொன்பது தொகுதிகளிலும் நம்பியிருந்தேன். கடுகு மஞ்சள் என்று வண்ணம் வந்தபின் அறிந்தேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. அனிமே வாரந்தோறும் ஓடவேண்டியது. மங்காவை வரைபவரோ ஒருவர். படம் கதையை எட்டிப்பிடித்துவிட்டால், அவர் மேலே வரையும்வரை படமெடுப்போர் தாமாகவே சில பகுதிகளை இட்டு நிரப்புவார்கள். கல்லூரியில் என் பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் கோடிட்டுக் காட்டிக் கற்பித்த இடைச்செருகல்கள் நினைவுக்கு வந்தன. நடை தளரும், பாத்திரம் தன் இயல்பு மறக்கும், கதை ஓர் அடியும் நகராது. மூலத்தோடு ஒத்துப்பார்த்து, எழுபத்து நான்கில் பதினொரு பகுதிகள் மூலத்தில் இல்லாதவை என்று கண்டேன். அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி, சிவப்பில் அடிக்கோடிட்டு வைத்தேன். அந்தத் தாளைப் பற்றி எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

4

புறப்படுமுன் தொடர் முழுவதையும் இன்னொருமுறை பார்க்கப்போவதாக நஸ்ரின் சொன்னாள். நானும் உட்காரலாமா என்று கேட்டேன்.

“நீங்களா? எழுவத்தி நாலு எபிசோடு வாப்பா. லீவு போட்டாத்தான் முடியும்.”

“போட்டாச்சு.”

வியாழன் காலை தொடங்கினோம். அவள் முன்னறை நீளிருக்கையில் போர்வையோடு. நான் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவோரத்தில் போட்டுக்கொண்டேன். ஜப்பானியப் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. ஒவ்வொரு பகுதியின் தொடக்கப் பாட்டையும் முதலில் கேட்டோம், பிறகு தள்ளினோம். சில மணிநேரத்துக்கு ஒருமுறை படம் தானே நின்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று திரையில் கேட்கும். அவள் பொத்தானை அழுத்துவாள். சன்னலுக்கு வெளியே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதைத் தவிர நாளுக்கு வேறு அடையாளம் இல்லை.

பதினெட்டாம் பகுதியில் எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். தாளைப் பார்த்து, இது மூலத்தில் இல்லை என்றேன்.

“செம போர் அது. தள்ளுங்க.”

இருபத்தேழில் ஒரு படகுப் பந்தயம். அதையும் தள்ளினோம். “வாத்தியாரு கரெக்டா லிஸ்ட் போட்டு வச்சிருக்கீகளே” என்று கேலி செய்தாள். எனக்கு உற்சாகம் மிகுந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால், மைமூனாவின் பெயரை இயல்பாக எடுத்துவிடலாம் என்று கணக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்று தொடங்கியது. ஆற்றங்கரையில் பெயரில்லாத ஓர் ஊர். மழை. படகு நிற்கிறது.

“இது மூலத்தில ஒரே ஒரு கட்டம்மா” என்றேன். “வெறும் மழைக்கோடு. ‘மூன்று நாள் பெய்தது’ன்னு ஒரு வரி. அத மூணு பகுதியா இழுத்திருக்கான். நாப்பத்தொண்ணு, ரெண்டு, மூணு. மூணையும் தள்ளிரலாம். கதைக்கு இது தேவையே இல்ல.”

அவள் தொலையியக்கியைக் கையில் எடுத்தாள்.

“கதைக்கு வேணாம்தான்” என்றாள். படத்தை அணைத்தாள். போர்வையை மடித்து நீளிருக்கையின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

தலைவலியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். சனிக்கிழமை முழுதும் அவள் பெட்டி அடுக்கினாள். முன்னறைக்கு வரவில்லை.

5

ஞாயிறு, மைமூனா இறந்த இரண்டாம் ஆண்டு நாள். ஊரில் அவள் வீட்டில் யாசீன் ஓதிச் சோறு கொடுத்தார்கள். அவள் தம்பி இக்பால் காணொளியில் அழைத்தான். அவனுக்குப் பின்னால் முற்றத்தில் தட்டுகளின் ஓசையும் பேச்சொலியும் கேட்டன. என் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர்.

“மச்சான், ஒங்க பங்கு தொதல் அல்வாவ எடுத்து வச்சிருக்கேன். எப்ப வாரீகளோ அப்பத் தின்னுக்கங்க. பல்லு இருந்தா.”

“இருக்குற பல்ல வச்சுக்கிட்டு வாரேன்.”

“தமிழ் வாத்தியாரு பொம்மப் படம் பாக்குறாராமே? நஸ்ரின் சொன்னுச்சு. இங்கன சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்றான்.”

“படகுக் கதை ஒண்ணு.”

“எந்தப் படகு, அந்த மழையில நின்னுபோச்சே, அதா?” என்றான் இக்பால். அக்காளை அவன் லாத்தா என்பான். “லாத்தா படுக்கையில கெடந்தப்ப போன் போட்டா அதத்தான சொல்லும். ‘மழை விடவே இல்ல தம்பி, அதுக பாட்டுக்கு அவரைக்கா உரிச்சுக்கிட்டு இருக்குதுக’ங்கும். எனக்கு ஒரு எழவும் வெளங்காது. சரி லாத்தா சரி லாத்தாம்பேன்.”

ஐயாயிரம் கல் தொலைவில் இருப்பவன் அறிந்ததை, அதே வீட்டின் மாடியில் இருந்த நான் அறியவில்லை.

இதற்கு ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களூரில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். எத்தனை ஆண்டானாலும் அவன் அங்கே மாப்பிள்ளை. பெண்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்குப் போகுமுன் வாயிலில் நின்று இருமுவான். உள்ளே முக்காட்டைச் சரிசெய்யவும் பேச்சை மாற்றிக்கொள்ளவும் அவகாசம் தருவது மரியாதை. வேண்டியதை வாங்கிக்கொண்டு, அல்லது கொடுத்துவிட்டு, நீங்குவான். அதிகநேரம் நிற்பவனைப் பண்பற்றவன் என்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட இந்த அயல்நாட்டு வீட்டிலும் நான் அந்தப் பண்பிலிருந்து வழுவவில்லை. முன்னறை தாய்க்கும் மகளுக்கும். எனக்கு மாடியறை, நூல்கள். நோய் முற்றி மைமூனாவின் கட்டிலை முன்னறைக்கே இறக்கிய கடைசி நான்கு மாதங்களிலும் மாலைத் தேநீரை நானே போட்டு, வாயிலில் இருமி, உள்ளே சென்று வைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் படம் அசையாமல் நின்றிருக்கும். இருவரும் என்னைப் பார்த்தபடி இருப்பார்கள். இடையூறு செய்துவிட்டேன் என்று விரைவாக வெளியேறுவேன்.

இக்பாலின் அழைப்பு முடிந்ததும் மாடிக்குப் போய் நஸ்ரினின் அறை வாயிலில் நின்றேன். இருமினேன்.

“வாங்க வாப்பா. கதவு தொறந்துதான இருக்கு.”

பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“மாமா சொன்னாரு. அந்த மழைப் பகுதிய உம்மாவும் பாத்தாளா?”

“நாப்பது தடவ” என்றாள். “வேற எதுவும் பாக்க முடியல அவுகளுக்கு. சண்ட வந்தா நெஞ்சு படபடங்கும். யாராச்சும் செத்தா நான் உடனே மாத்திருவேன். இதுல ஒண்ணும் நடக்காது. ‘அந்த மழையப் போடு புள்ள’ம்பாக.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“எப்படித் தெரியும்? நீங்க இருமுவீக. உம்மா, ‘வாப்பா வாராக, நிப்பாட்டு நிப்பாட்டு’ம்பாக. நான் நிப்பாட்டுவேன்.”

“நான் வந்தா ஒங்களுக்கு இடைஞ்சல்னுதான…”

“இடைஞ்சலா?” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க உக்காந்தா மொதல்லேர்ந்து போடலாம்னு நிப்பாட்டுனது வாப்பா. ஒங்களுக்குக் கத புரியணும்ல. நீங்க டீய வச்சுட்டுப் போயிருவீக. நாங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு மறுபடி போட்டுக்குவோம்.”

“ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே.”

“நான் கூப்புடுறேம்பேன். உம்மாதான், ‘வேணாம், அவுகளா வரட்டும்’பாக.”

நான்கு மாதங்கள், நாள்தோறும் ஒரு தேநீர். நூற்றிருபது முறை அந்தப் படம் எனக்காக நின்றிருக்கிறது. நான் அதை என்னைப் போகச் சொல்வதாகப் பொருள்கொண்டேன். மூலத்தையும் உரையையும் ஒத்துப்பார்க்கப் பயின்றவன், என் வீட்டு முன்னறையில் இரண்டு முகங்கள் என்னை நோக்கியிருந்ததைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். இதற்கு வழக்கத்தைப் பழிப்பது எளிது. வழக்கம் இருமச் சொன்னது. உட்காராதே என்று அது சொல்லவில்லை.

6

திங்கட்கிழமை பிற்பகல் நாற்பத்தொன்றைப் போட்டோம். மறுநாள் காலை அவளுக்கு விமானம். கதவோர நாற்காலியை நஸ்ரின் எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டாள். நீளிருக்கையில், மைமூனாவின் கட்டில் இருந்த பக்கமாக நான் அமர்ந்தேன்.

மழை பெய்தது. எழுபத்து நான்கில் இந்த மூன்றும் எடுக்கப்பட்ட விதமே வேறு என்பதை அப்போது கண்டேன். வரைய அதிகமில்லாததால் ஓவியர்கள் மழையை வரைந்திருக்கிறார்கள். ஓலைக் கூரையில் விழுவது ஒரு விதம், ஆற்றில் விழுவது வேறு, குடத்தில் விழுவது வேறு. இசையே இல்லை.

சமையற்காரன் ஒழுகும் இடத்தில் கிண்ணம் வைத்தான். பிறகு அது நிறைய, இன்னொன்று வைத்தான்.

“இங்கன உம்மா என்ன சொல்வாக தெரியுமா?” என்றாள் நஸ்ரின். குரலைச் சற்றுத் தாழ்த்தி, தாயின் இழுப்போடு சொன்னாள்: “‘கூரைய மாத்தத் துப்பில்லாம கிண்ணத்த மாத்துறான் பாரு. நம்மூரு ஆம்பளைக துபாய்க்குத்தான் போனானுகன்னு நெனச்சேன், ஜப்பானுக்கும் போயிருக்கானுக போல.’”

நான் சிரித்தேன். ஈராண்டுகளில் முதன்முறையாக மைமூனாவின் குரல் இந்த அறைக்குள் வந்தது.

அந்தப் பெண் அவரைக்காய் உரித்தாள். “‘இந்த வேகத்துல உரிச்சா எப்ப உலை வைக்கிறது, அவ அண்ணன் கெடச்சு, கல்யாணமாகிப் பிள்ளையும் பெத்துருவான்.’” ஊர்ச் சிறுமி ஒருத்தி நாய்க்குட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிவந்தாள். “இந்த எடத்துல ஒவ்வொரு தடவையும் தூங்கிருவாக. நான் எழுப்ப மாட்டேன்.” இவ்வாறு மூலத்தில் ஒரு கட்டமாக இருந்ததற்கு, படத்தின் ஓரந்தோறும் மைமூனாவின் உரை வந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டேன்.

நாற்பத்து மூன்றின் இறுதியில் கிழப் படகோட்டி வருகிறான். மூன்று நாளும் படகிலேயே நனைந்து இருந்தவன். உள்ளே அடுப்பைச் சுற்றி எல்லாரும் அமர்ந்திருக்கிறார்கள். அவன் வாயிலில் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நீர் சொட்டுகிறது. உள்ளே ஒரு முதியவள் தலை நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். அவன் நுழைவதற்கு முன்பே அந்தக் காட்சி மாறிவிடுகிறது.

நஸ்ரின் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“இங்கன உம்மா ஒண்ணும் சொல்லலயா?”

“சொன்னாக.”

அவள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு தடவையும் அதேதான் சொல்வாக” என்றாள். “அது மட்டும் என்கிட்ட இருக்கட்டும் வாப்பா.”

சரி என்றேன். திரையில் மழை விட்டிருந்தது. படகை அவிழ்த்தார்கள்.

அவள் போய் ஏழு வாரங்கள் ஆகின்றன. ஞாயிறுதோறும் அழைக்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் தன் பெயரைச் சொல்லும் விதம், அறையின் குளிர், அரிசியின் பசை என்று பேசுகிறாள். இப்போது உம்மாவின் பெயரும் பேச்சில் தடையின்றி வருகிறது. நான் மாடியறையைப் பூட்டிவிட்டு முன்னறையில் இருக்கிறேன். மைமூனா என்னைக் குறித்து நாற்பது முறை சொன்ன ஒரு வாக்கியம் இவ்வுலகில் ஒருத்திக்குத் தெரியும். அழைப்பு முடியும் தறுவாயில் அதைக் கேட்கும் கேள்வி என் நாவின் நுனிவரை வருகிறது. குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.